பத்தேகால் போன்

நாற்பது கல்லூரி ஆசிரியர்களை ஒரே அறையில் மாணவர்களாக உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்பட்டவர்கள், அந்தக் கோடை விடுமுறையில் அந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்கு வந்திருக்க வேண்டும். முதல் நாளே கடைசி வரிசைக்குப் போட்டி. பொருளாதாரத் துறைத் தலைவர் பக்கத்து ஸ்கிரீனை எட்டிப் பார்த்துக் காப்பியடித்தார். வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர் மவுஸை அந்தரத்தில் தூக்கிப் பிடித்து ஸ்கிரீனைக் குறிபார்த்தார். வெளியே போக விரலைக் காட்டி அனுமதி கேட்டவர்கள்கூட உண்டு. பயிற்சி கொடுக்க வந்தவர் எல்லாரையும் சார், மேடம் என்றுதான் கூப்பிட்டார். மூன்றாம் நாளுக்குள் அந்தச் சாரில் பாதி தேய்ந்து போயிருந்தது.

சிரிப்புக்கு இடம் அவ்வளவுதான். அடுத்த பருவத்திலிருந்து பாடக் குறிப்பு, வினாத்தாள், மதிப்பெண் எல்லாமே கம்ப்யூட்டரில்தான் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. பன்னிரண்டு நாள் பயிற்சி, முடிவில் சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவர் வகுப்பறைக்குள் கால் வைக்க முடியாது. பழைய விடைத்தாள் கிடங்கில் உட்கார்ந்து மூட்டைகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மூன்று நாள் வராவிட்டால் சான்றிதழ் கிடையாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

வருகைப் பதிவும் கம்ப்யூட்டரிலேயே. கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்து, 'வருகை' என்ற பச்சைக் கட்டத்தை அழுத்த வேண்டும். பத்தேகாலுக்குள் அழுத்தாதவர்களின் பட்டியல் அலுவலகத்தில் போய் விழும். அங்கே இருக்கும் எழுத்தர் அம்மா அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவார். "சார் இன்னும் பயிற்சிக்கு வரலையே, வீட்லேர்ந்து கிளம்பிட்டாரா?" பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு இது பெரிய தலைகுனிவாக இருந்தது. "போன் போடறாங்களா, போட்டுக் கொடுக்கறாங்களா?" என்று டீ இடைவேளையில் புலம்பினார்கள்.

புலம்பாத ஒரே ஆள் தாவரவியல் ஆசிரியை. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஆஜர் அம்மா. இருபத்தாறு வருடமாக வகுப்பில் அவர் பெயர் வாசிக்கும் விதம் அப்படி. பெயரைச் சொல்வார், 'ஆஜர்' என்று குரல் வந்ததும் நிமிர்ந்து அந்த முகத்தைத் தேடிப் பார்ப்பார், பார்த்த பிறகுதான் பேனா நகரும். எழுபது பேர் வகுப்பில் இதற்கே பத்து நிமிடம் ஓடிவிடும். அவர் அசரமாட்டார்.

ஒருமுறை, வராத நண்பனுக்காகக் குரலை மாற்றி 'ஆஜர்' சொன்ன மாணவன் ஒருவன் கையும் களவுமாக மாட்டினான். ப்ராக்ஸி சொன்னவன், சொல்ல வைத்தவன் இரண்டு பேரையும் அந்த வருடத் தேர்வு எழுதவிடாமல் செய்தார் ஆஜர் அம்மா. சொல்ல வைத்தவன் படிப்பையே விட்டுப் போய்விட்டான். அவனுக்காகப் பரிந்து பேச வந்தவர் இயற்பியல் ஆசிரியர்.

"விடுங்க மேடம். சின்னப் பசங்க. ஒரு ஆஜர்தானே?"

"ஆஜர்னா அங்க ஒரு ஆள் இருக்கார்னு அர்த்தம் சார். ஆள் இல்லாத எடத்துல ஆள் இருக்கார்னு நான் எப்படி எழுதறது?"

இயற்பியல் சார் திரும்பிப் போய்விட்டார். ஆனால் அந்த வாக்கியத்தை வைத்து வருடக்கணக்கில் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தார். வராந்தாவில் எதிரே வந்தால் நெஞ்சில் கைவைத்து, "ஆஜர் மேடம். நல்லா பாத்துக்குங்க, நானேதான்" என்பார். ஆஜர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு போவார். இந்தக் கோடையில் இரண்டு பேருக்கும் கடைசி வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. முதல் நாள் கடவுச்சொல் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவர் இந்தப் பக்கம் சாய்ந்து, "உங்க பேரையே வச்சுட்டேன் மேடம். ஆஜர், ஒண்ணு ரெண்டு மூணு. இனி மறக்கவே மாட்டேன்" என்றார்.

"கடவுச்சொல்லை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு இப்பத்தானே சொன்னார்?"

"நீங்க யார்கிட்டயும்ல சேர்த்தி இல்ல மேடம்."

ஐந்தாம் நாள், ஆஜர் அம்மா மூன்று நாளாகத் தட்டித் தட்டிச் செய்த பாடக் குறிப்பு முழுவதும் காணாமல் போயிற்று. எதையோ அழுத்தினார், ஸ்கிரீன் வெள்ளையாகிவிட்டது. பயிற்சியாளர் தோளைக் குலுக்கிவிட்டு, "திரும்ப அடிங்க மேடம்" என்று நகர்ந்தார். ஐம்பத்து மூன்று வயதில், நாற்பது பேர் நடுவில், ஆஜர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் போன பிறகும் இயற்பியல் சார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடினார். குப்பைத் தொட்டிக்குள் 'அ' என்ற ஒற்றை எழுத்துப் பெயரில் கிடந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். "குப்பையில கிடந்தாலும் ஆஜர்தான் மேடம்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஒரு மணி நேரத்தை ஆஜர் அம்மா மறக்கவில்லை.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் இயற்பியல் சார் வரவில்லை. மனைவிக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன். பத்தேகாலுக்கு எழுத்தர் அம்மா வழக்கம்போல் போன் செய்ய, ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எடுத்தவர் அந்த மனைவியேதான். "படுத்திருக்கறது நான், லீவு எடுத்தது அவர். பக்கத்துலதான் நிக்கறார், குடுக்கட்டுமா?" என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லி அலுவலகமே சிரித்தது. ஒன்பதாம் நாள் வந்த இயற்பியல் சார், "ரெண்டு போச்சு மேடம். இனி ஒண்ணு போனா மூட்டைக்கு நம்பர் ஒட்டத்தான் போகணும்" என்றார். வாய் சிரித்தாலும் பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

பதினோராம் நாள் பத்து மணி ஆகியும் அவர் நாற்காலி காலியாக இருந்தது. பத்து ஐந்து. ஆஜர் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்குத் தையல் பிரிக்கும் நாளாக இருக்கும், கூட்டிக்கொண்டு போயிருப்பார், வீட்டில் தனியாக விட மனம் வந்திருக்காது என்று தனக்குத்தானே ஒரு கதை கட்டிக்கொண்டார். அன்று மதியம் தேர்வு வேறு. இந்த மனிதரைக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்களே என்று பதறினார். தன்னுடையதை மூடினார். அவர் பெயரில் திறந்து, ஆஜர், ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டினார். பச்சைக் கட்டத்தை அழுத்தினார். ஸ்கிரீனின் ஓரத்தில் மணி பத்து எட்டு.

பயிற்சியாளர் மேசையில் தெரிவது பச்சைக் கட்டங்கள்தான். அவர் அதை எண்ணினார், தலையை ஆட்டினார், பாடத்தை ஆரம்பித்தார்.

மதியமும் இயற்பியல் சார் வரவில்லை. ஆஜர் அம்மாவுக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. ஒரு போன்கூடப் பண்ணாமல் இருக்கிறாரே, நாளைக்கு வரட்டும், நறுக்கென்று நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு தன் தேர்வை எழுதினார். பாதிக் கிணறு தாண்டிவிட்டு நிற்கவும் முடியாது. அவர் பெயரைத் திறந்து அவர் தேர்வையும் எழுதினார். தனக்கு அறுபத்தொன்பது வந்தது. அவருக்கு எழுபத்தெட்டு.

அவர் அந்த நேரத்தில் செத்துக்கொண்டிருந்தார். காலை ஒன்பது இருபதுக்கு, வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் வழியில் உள்ள நாற்சந்தியில் லாரி ஒன்று ஸ்கூட்டரை இடித்துத் தள்ளிவிட்டது. பை எங்கோ போய்விட்டது, போன் சக்கரத்தில் நசுங்கிவிட்டது. பயிற்சி அடையாள அட்டையை மறந்துவிட்டு வருகிறார்கள் என்று எல்லாருடையதையும் லேபிலேயே ஒரு டப்பாவில் வாங்கி வைத்திருந்தார்கள். ஸ்கூட்டர் பழையதாக வாங்கியது, பெயர்கூட மாற்றவில்லை. பக்கத்திலிருந்த சிறிய ஆஸ்பத்திரியில் யாரென்று தெரியாத ஆளாகச் சேர்த்தார்கள். தலையில் அடி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டுமென்று காத்திருந்தார்களாம். இடையில் இரண்டு தடவை கண் விழித்தாராம். மூன்று நாற்பதுக்கு முடிந்துவிட்டது. மனைவிக்கு விஷயம் தெரியும்போது மாலை ஏழு. ஐந்து மணி வரை அவர் பயிற்சியில் இருக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இழவு வீட்டில் ஒரு மூலையில் நின்றுகொண்டு இதையெல்லாம் கேட்டார் ஆஜர் அம்மா. ஒன்பது இருபது, மூன்று நாற்பது என்று யாரோ சொல்லச் சொல்ல, அவர் மனதில் நடுவில் ஒரு மணி தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பத்தேகால். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சங்கடம் அத்தோடு போகவில்லை. அந்தக் குடும்பம் இருந்தது ஊருக்குள் இருந்த கல்லூரிக் குடியிருப்பில். பணியில் இருக்கும்போது, பணிக்கு வரும் வழியில் இறந்தால், பிள்ளைகள் படிப்பு முடியும் வரை வீட்டில் இருக்கலாம். மற்றபடி இறந்தால் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும் என்பது விதி. மகள் பள்ளிக் கடைசி வகுப்பில் இருந்தாள். அலுவலகம் காகிதங்களை அடுக்கிப் பார்த்தது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஆள் ஒன்பது நாற்பதுக்குப் படுக்கையில். பயிற்சிக் காகிதத்தில் அதே ஆள் பத்து எட்டுக்கு ஆஜர், மதியம் தேர்வு எழுதி எழுபத்தெட்டு. அப்படியென்றால் யாரிடமோ சொல்லி வைத்துவிட்டு ஆள் கம்பி நீட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். அந்த நாற்சந்தியிலிருந்து கல்லூரிக்கும் வரலாம், கடைவீதிக்கும் போகலாம். ஆஜருக்கு ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பியவர் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தார் என்று எப்படிச் சொல்வது?

விசாரணை என்று நாற்பது பேரில் மிச்சமிருந்த முப்பத்தொன்பது பேரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் திறக்கலாம் என்பதால் யார் மேலும் விரல் நீட்ட முடியவில்லை. ஆஜர் அம்மாவின் முறை வந்தபோது கல்லூரி முதல்வர் எழுந்தே நின்றுவிட்டார். "உங்களைக் கேட்கறதே தப்பு மேடம். ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க." ஆஜர் அம்மா பேனாவை வாங்கிக்கொண்டார். 'எனக்குத் தெரியாது' என்று அச்சடித்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

பத்தொன்பது நாள் அப்படியே ஓடின. வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னார்.

"முப்பத்தெட்டு பேர் சும்மா இருக்காங்க. நீ எதுக்குப் போய்த் தலையைக் கொடுக்கற?" என்றார் கணவர்.

"மத்தவங்க ஒண்ணும் செய்யலைங்க. நான்தானே செஞ்சேன்."

"சொன்னா வேலை போகும். இருபத்தாறு வருஷப் பேரும் போகும்."

"சொல்லலைன்னா அந்தம்மா தையல் போட்ட வயித்தோட சாமான் தூக்கணும்."

வேலை போனால் போகட்டும் என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். நாக்கைப் பிடித்து இழுத்தது வேறொன்று, அதைக் கணவரிடமும் சொல்லவில்லை. 'நான்தான்' என்று சொன்னால் 'எப்போது' என்று கேட்பார்கள். எப்போது என்று சொன்னால் அந்த மனைவி கணக்குப் போட்டுவிடுவார். பத்து எட்டையும் பத்தேகாலையும் யாரும் சேர்த்துப் பார்க்கக்கூடாதே என்று அவர் தினமும் மன்றாடிக்கொண்டிருந்தார். தான் இவ்வளவு கோழை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

இருபதாம் நாள், வீட்டைக் காலி செய்யும் உத்தரவை வாங்க அந்த மனைவியை முதல்வர் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல்வர் அறையில் மின்விசிறி கறக் கறக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் அந்த மனைவி, வயிற்றில் ஒரு கையை வைத்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் எழுத்தர் அம்மா கோப்புகளோடு. அனுமதி கேட்காமல் உள்ளே வந்த ஆஜர் அம்மாவைப் பார்த்து முதல்வர் திகைத்தார்.

"அவர் யார்கிட்டயும் எதுவும் சொல்லி வைக்கல சார். நான்தான் அவர் பேர்ல ஆஜர் போட்டேன். பரீட்சையும் நான்தான் எழுதினேன். அவருக்கு ஒண்ணுமே தெரியாது. அவர் இங்கதான் வந்துக்கிட்டிருந்திருக்கார்."

முதல்வர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு மெதுவாக, "மேடம், அந்தக் குடும்பத்துக்கு உதவணும்னு நினைக்கறீங்க, புரியுது. அதுக்காக நீங்க பழியைத் தூக்கிப் போட்டுக்கக்கூடாது" என்றார்.

ஆஜர் அம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. உண்மையைச் சொன்னால்கூட நம்பாத அளவுக்கு நல்ல பெயர். "அவர் கடவுச்சொல் ஆஜர், ஒண்ணு ரெண்டு மூணு. போட்டுப் பாருங்க" என்றார்.

எழுத்தர் அம்மா கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். திறந்துகொண்டது. முதல்வர் நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நகர்த்தினார். "எழுதிக் கொடுங்க. என்ன செஞ்சீங்க, எத்தனை மணிக்குச் செஞ்சீங்க, எல்லாம். இதுக்கு மேல உங்களை நான் காப்பாத்த முடியாது. ஆனா அம்மாவோட வீட்டு விஷயம் தீர்ந்துடும்."

அந்த மனைவி எழுந்து வந்து ஆஜர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊரே அவரைத் திருடன் மாதிரி பேசுச்சு. நீங்க ஒருத்தர்தான் வந்து சொன்னீங்க. நல்லா இருப்பீங்க மேடம்." கை சூடாக இருந்தது. அதை உதறிவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது ஆஜர் அம்மாவுக்கு.

உட்கார்ந்து எழுதினார். முதல்வர் எழுதியதை எட்டிப் பார்த்து வாய்விட்டு வாசித்தார். "பத்து எட்டுக்கு."

எழுத்தர் அம்மாவின் கை கோப்பின் மேல் நின்றது. யாரும் கேட்காமலே அவர் சொன்னார். "அன்னிக்குப் பத்தேகால் லிஸ்ட்ல மூணு பேர். மூணு பேர் வீட்டுக்கும் பேசினேன் சார். இவர் பேர் வரல." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த மனைவி திரும்பினார். "எனக்கு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு நாள் போன் பண்ணது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு அவர் பேர் இருந்திருந்தா?"

எழுத்தர் அம்மா முதல்வரைப் பார்த்தார். முதல்வர் மேசையைப் பார்த்தார்.

"பண்ணியிருப்பேன்மா."

"வீட்லதான் இருந்தேன்" என்றார் அந்த மனைவி. "நடக்க முடியாதுன்னு போனைத் தலைமாட்டுலயே வச்சுட்டுத்தான் போனார். மணிச் சத்தம் கேட்டிருந்தா உடனே எடுத்திருப்பேன், தேட ஆள் அனுப்பியிருப்பேன். வீட்லேர்ந்து அந்த ஆஸ்பத்திரி ரெண்டு பஸ் ஸ்டாப்" என்றார்.

முதல்வர் தொண்டையைச் செருமினார். நடந்தது நடந்துவிட்டது, இப்போது வீடு நிலைத்தது, மகள் படிப்புக்கு இடைஞ்சல் இல்லை என்று ஏதேதோ சொன்னார். பணியின்போது இறப்பு என்று எழுதிய தாளை நீட்டினார். அந்த மனைவி அதை வாங்கிப் படித்தார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். ஆஜர் அம்மா எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார். அதற்குள் அவர் கிளம்பிவிட்டார்.

கதவுவரை போன அந்த மனைவி திரும்பி வந்து அவர் எதிரே நின்றார். முகத்தில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை.

"வீட்ல உங்களைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பார் மேடம். சாயங்காலம் வந்ததும் வாசல்லயே நின்னு 'ஆஜர்'ம்பார். நான் எட்டிப் பாத்து, 'சரி, ஆள் இருக்கு'ன்னாத்தான் உள்ள வருவார். முகத்தைப் பாக்காம நீங்க ஆஜர் போடமாட்டீங்களாமே."

ஆஜர் அம்மா தலையை அசைத்தார்.

"அன்னிக்கு மட்டும் ஏன் மேடம் போட்டீங்க?"

கேட்டுவிட்டு, பதிலுக்காக அங்கேயே நின்றார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.